சொல்லிக்கொள்ளாமல்

ஒதுங்க மாட்டான் போலிருக்கிறது. இடம் இல்லாமல் இல்லை. வயலுக்குள் இறங்கும் தடம் இரண்டைத் தாண்டியாயிற்று, இரண்டும் லாரி திரும்பும் அளவுக்கு அகலம், மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் இந்தப் பச்சைக் கம்பைன் வலது பக்கம் சாய்ந்து நின்று, மேலே கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒரு கை எழும்பி, போ போ என்று காட்டியிருக்கும், நானும் பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பேன். மக்காச்சோளம் அறுக்கிற மாதத்தில் இங்கே அதுதான் வழக்கம். அறுவடை இயந்திரம் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு மாட்டு வண்டி வேகத்தில் போகும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்க மாட்டான், அடித்தால் அது கெட்ட வார்த்தைக்குச் சமம், முன்னால் போகிறவனாகப் பார்த்து ஒதுங்குவான். இவன் ஒதுங்கவில்லை. கூண்டுக்குள் இருப்பது டேரில். வால்ட்டின் மகன். மூத்த மகனா இளைய மகனா என்று கேட்டால் இரண்டும் அவன்தான், ஒரே பிள்ளை. பின்னால் வருவது என்னுடைய வெள்ளை வண்டி என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது, இந்தக் கவுண்டியில், அமெரிக்கர்கள் மாவட்டத்துக்கு வைத்திருக்கிற பெயர் அது, எந்த வண்டி யாருடையது என்று தெரியாத ஆள் கிடையாது, நான் ஒரு தடவை டயர் மாற்றினேன், மறுநாள் காலை தபால் நிலையத்தில் புது டயர் எப்படி என்று விசாரித்தார்கள். இத்தனை பெரிய கண்ணாடியை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு போகிறவன் என்னைப் பார்க்கவில்லை என்று நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா. பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் ஒதுங்காமல் போகிறான். இல்லை, இப்படியும் இருக்கலாம், அப்பா இல்லாமல் செய்கிற முதல் அறுவடை, யோசிக்க அவனுக்கு ஆயிரம் இருக்கும், எல்லாரும் என்னையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பதும் ஒரு திமிர்தான். சரி, அப்படியானால் போன வாரம் பெட்ரோல் பங்க்கில்? தலையை ஆட்டினான். ஆட்டினானா, தொப்பியைச் சரி செய்தானா? அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அதுதான் வேலை, அது தலையாட்டலா தொப்பியா என்று.

இதிலே இன்று பார்த்துப் பான்கேக் வேறு, இவர்களுடைய இனிப்புத் தோசை. ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை காலைப் பலகாரம் போடுவார்கள், தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மேசை நாற்காலி போட்டு, வந்தவர்கள் டப்பாவில் போடுகிற காசில் குழாயோ ஹெல்மெட்டோ வாங்குவார்கள். சம்பளத்துக்குத் தீயணைக்கிற ஆள் இந்தக் கவுண்டியில் ஒருவர்கூட இல்லை. பள்ளிக்கூட வாத்தியார், டிராக்டர் மெக்கானிக், சலூன்கடைப் பெண், இடுப்பில் மாட்டிய கருவி கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஆம்புலன்ஸும் அவர்கள்தான். ஆஸ்பத்திரி பக்கத்துக் கவுண்டியில் இருக்கிறது, நல்ல சாலைதான், நேர்க்கோடு போட்ட மாதிரி இருக்கும், ஆனால் எவ்வளவு நேராக இருந்தாலும் தூரம் தூரம்தானே. வால்ட்டைக் கொட்டகையிலிருந்து தூக்கிப்போட்டுக் கொண்டு போனதும் அவர்கள்தான், பாதி வழியில் போய்விட்டார். இன்று அங்கே மார்லீன் மாவு ஊற்றுவார். வால்ட்டின் மனைவி. எத்தனையோ வருஷமாக அந்தக் கல் மார்லீனுடையது, வேறு யாரும் கரண்டியைத் தொட முடியாது. இந்த வருஷம் வரமாட்டார் என்று நினைத்தேன், வருகிறார் என்று கேள்விப்பட்டேன். காகிதத் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், என் முறை வரும்போது மார்லீன் நிமிர்ந்து பார்ப்பார், பார்த்து என்ன செய்வார்? இந்த ஊர் மனுஷர்கள் கோபத்தை முகத்தில் காட்ட மாட்டார்கள், அதுதான் தொந்தரவு. எங்கள் பக்கமாக இருந்தால் ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள், அன்று மாலையே ஒரே இலையில் சாப்பிட்டுமிருப்போம். இங்கே புன்னகைதான். எந்தப் புன்னகை எதற்கு என்று கண்டுபிடிக்க ஒரு ஜென்மம் போதாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான், மார்லீன் என்னைப் பார்த்ததும் அந்தப் பழைய குரலில் சென், எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்க வேண்டும். அதற்காக வேகாத பான்கேக்கைக்கூடத் தின்னத் தயார்.

சென்னியப்பன் என்கிற பெயரை இங்கே சென் என்று வெட்டியது வால்ட்தான். நாமக்கல்லில் கோழிக்கு மருத்துவம் படித்தவன், இங்கே முட்டைப் பண்ணையில் அதே கோழிக்கு அதே மருத்துவம், வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காலை கதவைத் திறந்தால் முட்டளவு பனி. எதிர்க்கடையில் மண்வெட்டி கேட்போம் என்றால் எதிரே கடையும் இல்லை, எதிரே வீடும் இல்லை, வெள்ளைக்காடு. அப்போது டிராக்டரில் ஒரு கிழவர் வந்தார், பனியைத் தள்ளி ஒதுக்கிக்கொண்டே என் வாசல் வரைக்கும் வந்தார், திரும்பிப் போய்விட்டார். இறங்கவில்லை, பேர் கேட்கவில்லை, நான் வாசலில் லுங்கியோடு நின்று கும்பிட்டது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ. அப்புறம் தெரிந்தது என்று தெரிந்தது, கூட்டுறவுக் கடையின் பின்மேசையில் பாவாடை கட்டிய புது டாக்டரைப் பற்றி அவர், அவர்தான் வால்ட், ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த மேசையில்தான் தினமும் காலையில் ஐந்தாறு கிழவர்கள், தோல் குவளையில் பகடையைப் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார்கள், குறைவாக விழுந்தவன் எல்லோருடைய காப்பிக்கும் காசு கொடுக்க வேண்டும். ஒரு நாள் வால்ட் காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளி, "உக்காரு, நீயும் தோத்துப் பழகு" என்றார். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்தான், ஆனால் என் காதுக்கு அது 'நீ'தான், அவர் ஒரு நாளும் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுச் சமையலறை. மழை வருமா, சோளம் என்ன விலை, உன் கோழிகள் எப்படி, இதற்கு மேல் பேச்சே கிடையாது. பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் கிடைப்பது எத்தனை பெரிய விஷயம் என்று அவர் போன பிறகுதான் உறைக்கிறது. கிளம்பும்போதுதான் கூத்து. வால்ட் தொடையில் தட்டி, "சரி, அப்புறம்" என்பார், அது புறப்பாட்டின் ஆரம்பம் மட்டும்தான். மேசையில் ஒரு தடவை விடைபெற வேண்டும், கதவருகே நின்று ஒரு தடவை, படியில் ஒரு தடவை, வண்டிக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு இன்னொரு தடவை, ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரு பேச்சு முளைக்கும், மார்லீன் உள்ளேயிருந்து, "அந்த மனுசனை வீட்டுக்கு விடுங்க" என்று கத்துவார். ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். இப்போது அந்தப் படியில் குளிரில் நின்றுகொண்டு, மூன்றாவது தடவையாக மழையைப் பற்றிப் பேச வேண்டும் போல் இருக்கிறது, அவ்வளவு ஏக்கமாக இருக்கிறது.

அப்படி நாலு தடவை சொல்லிக்கொண்டு பிரிகிற வீட்டாரிடம்தான் நான் ஒரு தடவைகூடச் சொல்லாமல் வந்தேன். வால்ட்டுக்குச் சர்ச்சில் கடைசிப் பிரார்த்தனை. வாசலில் குடும்பத்தார் வரிசையாக நிற்பார்கள், வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்து, வருத்தம் சொல்லி, அவர்களும் வந்ததற்கு நன்றி என்று சிரித்து, இதெல்லாம் எனக்குத் தெரியாததா, வேறு எத்தனை சாவுக்குப் போய் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். பண்ணைக் கணக்கரின் அம்மா செத்தபோது ஆங்கிலத்தில் நாலு வரி மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் நான். ஆனால் அன்றைக்கு அந்த வரிசையைப் பார்த்ததும், மார்லீன் கறுப்பு உடுப்பில் யாருக்கோ கை கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், கால் திரும்பிவிட்டது. பழகியவர் சாவுக்கு நாலு வரி ஒப்பிக்க முடியவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் அப்படித்தான், சாவு வீட்டுக்குள் வாங்க என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், போகிறவனும் பேசாமல் போய் உட்கார வேண்டும், எழும்போது போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொன்னால் இன்னொரு தடவை இதற்கே வருகிறேன் என்றாகிவிடும், பேசாமல் எழுந்து வர வேண்டும். என் புத்தி இந்த ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிறது, கால் இன்னும் வரவில்லை, அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் பாஸ்டர் எழுந்து, அடக்கம் குடும்பத்தார் மட்டும், மற்றவர்கள் கீழே நிலவறைக் கூடத்தில் சாப்பிட்டுக் காத்திருங்கள் என்றார். குடும்பத்தார் மட்டும். இதிலே தப்பு என்ன இருக்கிறது, குடும்பத்தார் குடும்பத்தார்தான், நான் கோழி டாக்டர். ஆனாலும் அது சுருக்கென்று தைத்தது, எங்கே தைத்தது என்று சொன்னால் வெட்கம், ஒரு சின்னப் பையனை விளையாட்டில் சேர்க்காமல் விட்ட மாதிரி. கீழே போய் அந்த ஹாம் சாண்ட்விச்சையும் உருளைக்கிழங்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் எப்படி வாயைத் திறப்பது. எழுந்தேன், வந்த கதவு வழியாகவே வெளியேறினேன், யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. வண்டி வரைக்கும் நடக்கும்போது சரியாகத்தான் நடந்துகொண்டோம் என்று ஒரு திருப்திகூட இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது பிடரியில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாளே போயிருக்கலாம். போய் என்ன சொல்வது என்று யோசித்ததில் ஒரு நாள் போயிற்று, ஒரு நாள் தள்ளியதற்கு என்ன காரணம் சொல்வது என்று யோசித்ததில் வாரம் போயிற்று. கூட்டுறவுக் கடைக்கும் போகவில்லை. போனால் நாற்காலி இருக்கும், அதைக் காலால் தள்ளிவிட ஆள் இருக்காது. என் மனைவி பூங்கொடிக்கு இதெல்லாம் புரியவே புரியாது. நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவள் அங்கேயே வேர் விட்டுவிட்டாள், அங்கே கோயில் இருக்கிறது, கறிவேப்பிலை இருக்கிறது, பேச ஈரோட்டுக்காரி இரண்டு பேர் இருக்கிறார்கள். நேற்றுப் போனில் மறுபடியும் அதே ராகம். "ஏனுங்க, அங்க ஒண்டியா உக்காந்துட்டு என்னத்தைங்க பண்றீங்க? அந்தக் கோழியும் சோளமும் நீங்க இல்லீன்னா அழுகப் போகுதுங்களா? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதைத்தான் ஆடியில இருந்து சொல்றீங்க. நாளைக்குப் பொழுதுக்குள்ள ஒரு பதில் சொல்லிப்போடுங்க, ஆமா." சொல்லிவிடலாம். வருகிறேன் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மளிகைக்கடையை மூடிவிட்டார்கள், பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள், சாயங்காலமானால் தெருவில் ஒரு நாய் கிடையாது, கைபேசியில் பேச வேண்டுமானால் சிக்னலுக்காகத் தானியக் கிடங்கின் கோபுரம் தெரிகிற இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போக வேண்டும், இந்த ஊரை விட்டுப் போக ஒருவனுக்குக் காரணமா இல்லை. ஆனால் வால்ட் சாவிலிருந்து வந்த மாதிரி இந்தக் கவுண்டியிலிருந்தும் வாயைத் திறக்காமல் எழுந்து போய்விட்டால், அந்தப் பின்மேசையில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்? ஒன்றும் பேச மாட்டார்கள். அதுதான் பயம். ஒரு கோழி டாக்டர் இருந்தார், போய்விட்டார். பனி தள்ளியது, பகடை உருட்டியது, அந்தப் படியில் நின்றது, எல்லாம் சும்மா பொழுதுபோக்கு என்று ஆகிவிடும். நான் அவர்களுக்கு யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் போகவும் செய்யலாம், இருக்கவும் செய்யலாம். அது தெரியாமல் எந்தப் பதிலைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

வலது பக்க விளக்கு மினுங்குகிறது. திரும்புகிறான். வயல் வந்துவிட்டது அவனுக்கு, அதனால் திரும்புகிறான், எனக்காக இல்லை. கம்பைன் புழுதி கிளப்பிக்கொண்டு தடத்தில் இறங்கி நிற்கிறது. எனக்கு முன்னால் சாலை காலியாகக் கிடக்கிறது, ஊர்த் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது, இப்போது காலை அழுத்தினால் இரண்டே நிமிஷத்தில் வரிசையில் நிற்கலாம், அழுத்து, அழுத்தேன் என்று நானே என்னைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றிருந்தது. நிறுத்தியது நான்தான். இறங்கிப் புழுதிக்குள் நடந்தேன். டேரில் ஏணிப்படியில் இறங்கி வந்து, கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சோளத்தைப் பார்த்து நின்றான். இங்கே முக்கியமான விஷயத்தை எல்லாம் பயிரைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

"முன்னாடியே ஒதுங்கியிருக்கலாம் நான்" என்றான். "ஒதுங்கினா நீங்க போயிடுவீங்க. அதான்."

"நானே நின்னிருப்பேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நிக்கலையே."

சோளத்தாள் காற்றில் சரசரத்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னேன். நாலு வரி மனப்பாடம் எதுவும் இல்லாமல் மனதில் வந்ததைச் சொன்னேன். "எங்க பக்கம் சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டோம், டேரில். சொன்னா மறுபடியும் இதுக்கே வரேன்னு ஆயிரும். சொல்லாம எந்திரிச்சு வர்றதுதான் மரியாதை. அப்புறம், குடும்பத்தார் மட்டும்னு பாஸ்டர் சொன்னாரு, அதனால..."

"அதனால?"

"நான் குடும்பம் இல்லையே."

அவன் இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தான். வால்ட்டின் கண்கள்தான், அதே வெளிறிய நீலம்.

"போன வருஷம் நெஞ்சு வலி வந்தப்பவே அப்பா ஆறு பேரைச் சொல்லி வெச்சுட்டாரு" என்றான். "பெட்டி தூக்க ஆறு பேர். ஆறாவது நீங்க. டேரில் அவசரப்படுவான், அவனுக்குப் பின்னாடி சென் நிக்கட்டும், அவன் நிதானமா நடப்பான்னு சொன்னாரு. இதைப் போன்ல சொல்றதா, வரிசையில வரும்போது கையைப் பிடிச்சுச் சொல்லிக்கிறேன்னு அம்மா சொன்னாங்க. நீங்க வரிசையிலேயே வரலை. பாஸ்டர் குடும்பத்தார்னு சொன்னப்ப அம்மா திரும்பித் திரும்பிப் பின்னாடி பெஞ்சைப் பார்த்தாங்க. அதுக்குள்ள நீங்க எந்திரிச்சுட்டீங்க."

"என் இடத்துல யாரு?" என்று கேட்டேன்.

"மாமா வந்தாரு, அம்மா வேண்டாம்னுட்டாங்க. அவங்களேதான் தூக்கினாங்க. ஷூவைக் கழட்டி வெச்சுட்டு வெறுங்காலோட புல்லு மேல நடந்தாங்க. சென்னுக்கு ஏதோ கஷ்டம் இருந்திருக்கும், பெட்டியில அவன் பிடியை நான் பிடிச்சுக்கிறேன்னு சொன்னாங்க." அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "எனக்குத்தான் உங்க மேல கோபம். அம்மாவுக்கு இல்லை. போங்க, மாவு தீர்றதுக்குள்ள போங்க."

ஏணியில் ஏறிவிட்டான். கம்பைன் உறுமிக்கொண்டு வயலுக்குள் இறங்கியது. நான் வண்டியில் வந்து உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பினேன், கை ஸ்டியரிங்கிலேயே இருக்கிறது, கால் அழுத்த மாட்டேன் என்கிறது. பெட்டியை எடுத்தபோது சர்ச் மணி அடித்திருப்பார்கள். அடித்தார்கள், எனக்கும் கேட்டது, வீட்டில் இருந்தேன், ஜன்னல் சாத்தியிருந்தும் கேட்டது, எத்தனை அடி என்றுகூட எண்ணாமல் நின்றேன். மார்லீன் வெறுங்காலோடு ஈரப் புல்லில் என் பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். நான் சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் செய்ய வேண்டிய மரியாதையை ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தேன். சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, யாரையும் எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போய், தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். வால்ட் என் கைக்காகக் காத்திருந்த நேரத்தில் நான் அவருடைய தீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.